பத்தாவது சொல்

நான் கொண்டுபோன கேசரியை அவர்கள் சாப்பிடவில்லை.

2011-இல், நியூஜெர்சியின் ஹைலண்ட் பார்க்கில் நாங்கள் குடியேறிய முதல் வாரம். புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு, முந்திரியும் திராட்சையும் தாராளமாகப் போட்டு நெய் மணக்கக் கேசரி கிண்டி, ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு அம்மாள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். உட்காரவைத்து ஊர், பிள்ளைகள், குளிர் எல்லாம் விசாரித்தார். டப்பாவை மட்டும் திறக்கவில்லை. மறுநாள் காலை, அவர்கள் வீட்டைச் சுத்தம் செய்ய வரும் பெண் அந்த டப்பாவோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்தேன். மனசு சுருங்கிவிட்டது.

அன்று மாலை அவருடைய கணவர் வந்து கதவைத் தட்டினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். எழுபதைத் தொடும் வயது, தலையில் பின்னல் குல்லா. "நீங்கள் ஆசையாகச் செய்து கொடுத்ததை நாங்கள் சாப்பிடவில்லை. காரணத்தைச் சொல்லாமல் விடுவது தப்பு" என்று ஆரம்பித்தார். சுத்த சைவம்தான், முட்டைகூட இல்லை என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். பண்டம் சைவமாக இருந்தால் மட்டும் போதாது. அதைக் கிண்டிய வாணலியில் இதற்குமுன் என்ன சமைத்தோம் என்பது ஒரு கேள்வி. நெய் எங்கே காய்ச்சியது என்பது இன்னொன்று. அரசர் பந்தியில் வைக்கத் தகுந்த பண்டம் என்றால், அடுப்பை யூதர் ஒருவர் பற்றவைத்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது. நறுக்காத பழம் கொண்டுவந்தால் சந்தோஷமாகச் சாப்பிடுவோம் என்றார். அடுத்த கோடையில் எடிசனின் ஓக் ட்ரீ ரோட்டுக் கடையிலிருந்து ஒரு பெட்டி மாம்பழம் வாங்கிப்போய்க் கொடுத்தேன். அன்றுதான் அந்த வீட்டோடு என் பழக்கம் சரியாகத் தொடங்கியது.

யூத உணவு விதிப்படி நடக்கும் கோஷர் சமையலறை என்றால் என்ன என்பதை அந்த அம்மாளிடம் கற்றேன். கழுவும் தொட்டி இரண்டு, பாத்திர அலமாரி இரண்டு, கரண்டியும் கத்தியும் இரண்டிரண்டு வகை. சிவப்புப் பிடி இறைச்சிக்கு, நீலப் பிடி பாலுக்கு. 'ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் வேகவைக்காதே' என்று யூத வேதமான தோராவில் மூன்று இடங்களில் வரும் ஒரு வரியிலிருந்து இத்தனையும் கிளைத்திருக்கிறது. இறைச்சி சாப்பிட்டால் ஆறு மணி நேரம் பாலைத் தொட மாட்டார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பங்களில் அது மூன்று மணி நேரம். ஹாலந்து வழிக்காரர்களுக்கு ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமைக் காலைகளில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, சோம்புக்கீரை மாதிரி இருக்கும் ஒரு கீரையை இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். பூச்சி வாய்க்குள் போவது தோராவில் தடை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்து கொடுப்பேன். என் அம்மாவும் பாட்டியும் கீரை ஆய்ந்த திண்ணைதான் நினைவுக்கு வரும்.

பாட்டி வீட்டில் பத்துப் பார்ப்பது உண்டு. சாதம் தொட்ட கையால் ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது. ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்" என்பார். இந்த வீட்டில் நான் ஏன் என்று கேட்டால், அம்மாள் தன் கணவரைப் பார்ப்பார். அவர் எழுந்து புத்தக அலமாரிக்குப் போவார்.

மூன்று வருடம் அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்த பிறகு, 2014-இல், எனக்கு முறையாகக் கற்றுக்கொடுப்பீர்களா என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து நகலெடுத்த ஒரு தாளோடு வந்தார். யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில் சன்ஹெட்ரின் என்ற நூலின் 59-ஆம் ஏடு. அதில் ரப்பி, அதாவது யூத மத ஆசான், யோகனான் சொல்கிறார்: தோரா கற்கும் பிற இனத்தவன் மரணத்துக்கு உரியவன். சில வரிகள் தள்ளி, அதே பக்கத்தில் ரப்பி மேயிரின் வாக்கு: தோரா கற்பவர் பிற இனத்தவரானாலும் தலைமைக் குருவுக்குச் சமம், 'மனிதன் இவற்றின்படி நடந்து வாழ்வான்' என்றுதான் வேதம் சொல்கிறது, குரு என்றோ லேவியன் என்றோ இஸ்ரவேலன் என்றோ சொல்லவில்லை. இரண்டையும் தல்மூதே இணக்கப் பார்க்கிறது. ரப்பி மேயிர் சொன்னது மனிதகுலம் முழுமைக்கும் உரிய ஏழு கட்டளைகளைக் கற்பவரைப் பற்றி என்று முடிக்கிறது.

"அந்த ஏழில் தொடங்குவோம், அதற்குத் தடையே இல்லை" என்றார். அந்த ஏழில் ஒன்று நீதிமன்றம் அமைப்பது. நீதி என்று எடுத்தால் கடன், வாடகை, காணாமல்போன பொருள், சாட்சி என்று தல்மூதின் பெரும்பகுதி தானாக உள்ளே வந்துவிடும் என்று பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்கு அவர்கள் சாப்பாட்டு மேசையில் படித்தோம். இன்றும் படிக்கிறோம்.

தல்மூதின் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது. நடுவில் பெரிய எழுத்தில் மூலம். அதில் ஏறக்குறைய கி.பி. 200-இல் யெஹுதா ஹநாசி தொகுத்த மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பின் சில வரிகள். அதைத் தொடர்ந்து பல தலைமுறை அறிஞர்கள் அந்த வரிகளை எடுத்துப் பிரித்து மறித்துப் பேசிய கெமரா. புத்தகத்தின் தையலை ஒட்டிய பக்கவாட்டில் ராஷியின் உரை. இவர் பிரான்ஸின் த்ருவா நகரத்தில் வாழ்ந்தவர், 1105-இல் மறைந்தார். வெளிப்பக்கம் தோசஃபோத் என்ற உரை. அதை எழுதியவர்களில் முக்கியமானவர்கள் ராஷியின் பேரன்களும் அவர்கள் மாணவர்களும். அவர்கள் வேலையே தாத்தா சொன்னது இங்கே பொருந்தவில்லை, அங்கே முரண்படுகிறது என்று காட்டுவதுதான். வெனிஸில் டேனியல் போம்பெர்க் 1520-களின் தொடக்கத்தில் தல்மூத் முழுவதையும் அச்சிட்டு முடித்தபோது அமைந்த பக்க அமைப்பும் ஏட்டு எண்ணும் இன்றுவரை மாறவில்லை. உலகத்தில் எந்த ஊரில் எந்தப் பதிப்பை எடுத்தாலும் 59-ஆம் ஏடு அதே 59-ஆம் ஏடுதான். ஏறக்குறைய எல்லா நூலும் இரண்டாம் ஏட்டில்தான் தொடங்கும், முதல் ஏடு என்று ஒன்று இல்லை.

சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும் இடங்களைப் படித்து ரசித்தவர்களுக்கு உரைச்சண்டை புதிதில்லை. தாத்தாவையும் பேரனையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே உட்காரவைத்து, ஐந்து நூற்றாண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளிடம் அப்படியே கொடுத்துவருவதுதான் எனக்குப் புதிது. தொழுகையின்போது நெற்றியிலும் கையிலும் கட்டும் தெஃபிலின் பெட்டிக்குள் வேத வரிகளை எந்த வரிசையில் வைப்பது என்பதில் ராஷிக்கும் பேரன் ரப்பேனு தாமுக்கும் கருத்து வேறு. தாத்தா சொன்னதுதான் வழக்கமாக நின்றது. ஆனாலும் பேரன் வரிசைப்படி இன்னொரு ஜோடியையும் கட்டிக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்தப் படிப்பை ஒருவர் தனியாகப் படிப்பதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து உரக்கப் படிக்க வேண்டும். அதற்கு ஹவ்ரூதா என்று பெயர்; தோழமை என்று பொருள்படும் அரமேயச் சொல். முதல் சில மாதம் நான் அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் என் பேனாவை மெதுவாக எடுத்து மூடி வைத்துவிட்டு ஒரு கதை சொன்னார். கொள்ளைக்காரனாக இருந்து அறிஞனானவர் ரேஷ் லாகிஷ். அவருடைய படிப்புத் தோழர் ரப்பி யோகனான். வாக்குவாதம் ஒன்றில் யோகனான் சொன்ன சுடுசொல் ரேஷ் லாகிஷைத் தைத்துவிட்டது. அந்த மனவருத்தத்தில் நோயுற்று அவர் இறந்துபோனார். யோகனானைத் தேற்ற வேறொரு அறிஞரை அனுப்பினார்கள். யோகனான் என்ன சொன்னாலும் அவர் "உங்கள் கருத்துக்கு ஆதாரம் இருக்கிறது" என்று ஆமோதித்தார். யோகனான் அழுதார்: "ரேஷ் லாகிஷ் என் ஒவ்வொரு வாக்குக்கும் 24 எதிர்ப்புக் கேள்வி கேட்பான், நான் 24 பதில் சொல்வேன், அப்படித்தான் சட்டம் விரிந்தது. நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா?" துணியைக் கிழித்துக்கொண்டு "லாகிஷின் மகனே, எங்கே இருக்கிறாய்?" என்று அலைந்து, சித்தம் கலங்கி மாண்டார்.

அதன்பிறகு நான் நோட்டு எடுத்துப்போகவில்லை. சஃபாரியா என்ற இணைய நூலகத்தில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசமாக இருக்கின்றன. புதன் இரவில் அதில் படித்து, கேள்வி தயார் செய்துகொண்டு போவேன்.

படித்ததிலேயே என்னை அதிகம் ஆட்டிவைத்தது பாபா மெட்சியா 59-ஆம் ஏட்டில் வரும் அடுப்பு விவகாரம். துண்டு துண்டாக வெட்டி, இடையில் மணல் வைத்துப் பூசிய ஓர் அடுப்பு. அது தீட்டுப்படாது என்கிறார் ரப்பி எலியேசர். தீட்டுப்படும் என்கிறார்கள் மற்ற எல்லோரும். எலியேசர் எல்லா வாதமும் சொல்லிப் பார்த்தார், ஏற்கவில்லை. "சட்டம் என் பக்கம் என்றால் அந்தக் கரோப் மரம் காட்டட்டும்" என்றார். மரம் பெயர்ந்து நூறு முழம் நகர்ந்தது. மரம் சாட்சி ஆகாது என்றார்கள். வாய்க்கால் எதிர்த்திசையில் ஓடியது. படிப்பு மண்டபத்தின் சுவர்கள் சாய்ந்தன. கடைசியில் வானத்திலிருந்து குரலே வந்தது: எலியேசரோடு ஏன் மல்லுக்கு நிற்கிறீர்கள், எங்கும் சட்டம் அவன் சொன்னபடிதானே? அப்போது ரப்பி யெஹோஷுவா எழுந்து நின்று, தோராவின் உபாகமத்திலிருந்து மூன்றே சொற்களில் வரும் கருத்தைச் சொன்னார்: "அது வானத்தில் இல்லை." சட்டம் சீனாய் மலையில் கொடுக்கப்பட்டுவிட்டது, இனி பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான். அந்த நேரத்தில் கடவுள் என்ன செய்தார் என்று பிறகு எலியா தீர்க்கதரிசியிடம் கேட்டார்களாம். சிரித்தார், "என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள்" என்றார் என்று பதில் வந்தது.

பலர் கதையை இந்தச் சிரிப்போடு முடித்துவிடுகிறார்கள். பெரியவர் முடிக்க விடவில்லை, அதே பக்கத்தில் மேலே படிக்கவைத்தார். எலியேசர் தூய்மை என்று தீர்ப்புச் சொல்லியிருந்த பொருள்களையெல்லாம் அன்றே கொண்டுவந்து எரித்தார்கள். வாக்கெடுத்து அவரை விலக்கிவைத்தார்கள். அதைச் சொல்ல அவருடைய மாணவர் அகிவா கறுப்பு உடுத்திப் போய், நான்கு முழம் தள்ளி உட்கார்ந்தார். எலியேசரின் கண்ணில் நீர் வழிந்தது. அவருடைய மைத்துனரும் சபைத் தலைவருமான ரப்பான் கம்லியேல், எலியேசரின் மனம் நொந்த பிரார்த்தனையால் இறந்துபோகிறார். "தீர்ப்பு சரி. ஆனால் அவரை வெளியே தள்ளியது சரியா? இந்த ஏடு அதைத்தான் கேட்கிறது" என்றார் பெரியவர்.

யூத மதத்தின் பிரிவுகளை நான் புரிந்துகொண்டது இந்த ஏட்டின் வழியாகத்தான். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், ஆர்த்தடாக்ஸ் என்றால் கடவுள் நம்பிக்கை அதிகம், கன்சர்வேடிவ் என்றால் நடுத்தரம், ரிஃபார்ம் என்றால் கொஞ்சம் என்று படிக்கட்டு போட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு. வானத்தில் இல்லாத சட்டம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதில்தான் அவர்கள் பிரிகிறார்கள். இந்த ஒரு குடும்பத்திலேயே மூன்று பதில் இருந்தது. பெரியவர் ஆர்த்தடாக்ஸ். பத்து நிமிட தூரத்தில் வசிக்கும் மகள் கன்சர்வேடிவ். சின்சினாட்டியில் இருக்கும் தம்பி ரிஃபார்ம்.

தொடக்கம் ஜெர்மனியில். 1818-இல் ஹாம்பர்க்கில் திறந்த புதிய கோயிலில் ஆர்கன் வாசித்தார்கள், ஜெர்மன் மொழியில் பிரார்த்தித்தார்கள். பிரஸ்பர்க் நகரத்து ரப்பி மோசே சோஃபர் "புதியது தோராவால் தடுக்கப்பட்டது" என்றார். அது புது விளைச்சல் தானியத்தை எப்போது உண்ணலாம் என்பதற்கான பழைய விதியின் வாசகம். அதை எடுத்து இந்தச் சண்டைக்குக் கொடியாக்கினார். 1845-இல் பிராங்ஃபர்ட்டில் சீர்திருத்த ரப்பிகள் கூடியபோது, வழிபாட்டுக்கு எபிரேயம் கட்டாயமில்லை என்று பெரும்பான்மை முடிவெடுத்தது. சக்காரியாஸ் ஃபிராங்கல் என்பவர் எழுந்து வெளியேறினார். அவரும் மாற்றம் வேண்டும் என்பவர்தான். கடவுளிடம் எந்த மொழியில் பேசுவது என்ற இடத்தில் அவருக்குக் கால் நின்றுவிட்டது. இந்தக் கேள்வியின் சூடு நமக்குத் தெரியாததா? பின்னாளில் அமெரிக்காவில் கன்சர்வேடிவ் என்று பெயர் பெற்ற பிரிவு அவரைத்தான் தன் முன்னோடியாகச் சொல்கிறது.

அமெரிக்காவில் 1883-இல், சின்சினாட்டி ஹீப்ரு யூனியன் கல்லூரியின் முதல் ரப்பிகள் பட்டம் பெற்ற விருந்தில் சிப்பியும் நண்டும் இறாலும் தவளைக்காலும் பரிமாறினார்கள். எல்லாம் தோரா தடுத்தவை. சில ரப்பிகள் மேசையை விட்டு எழுந்தார்கள். இரண்டு வருடம் கழித்து பிட்ஸ்பர்கில் ரிஃபார்ம் ரப்பிகள், உணவு விதிகள் இக்காலத்து ஆன்ம வளர்ச்சிக்கு உதவாதவை என்று அறிக்கை வெளியிட்டார்கள். அதே பிரிவு 1999-இல் அதே பிட்ஸ்பர்கில் கூடி, எபிரேயத்தையும் பழைய கட்டளைகளையும் மறுபடி படித்துப் பார்க்க மக்களை அழைத்தது. பெரியவரின் தம்பி இப்போது பன்றியும் சிப்பியும் தொடுவதில்லை. சட்டம் கட்டாயப்படுத்துவதால் இல்லை, தானே யோசித்து விட்டதாகச் சொல்கிறார். ஒவ்வொருவரும் கற்று, தன் மனசாட்சிப்படி தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் வழி. அதை எளிய வழி என்று சொல்கிறவர்கள், தானே யோசித்து ஒன்றை விடுவது எத்தனை கடினம் என்று அறியாதவர்கள்.

கன்சர்வேடிவ் வழிக்கு எடுத்துக்காட்டு 1950-இன் கார் தீர்ப்பு. வாராந்தர ஓய்வுநாளான ஷபாத் அன்று, அதாவது சனிக்கிழமை, செய்யக்கூடாத வேலைகள் மிஷ்னாவின் கணக்கில் 'நாற்பதில் ஒன்று குறைய'. உழுவது, விதைப்பது, நெருப்பு மூட்டுவது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமப்பது. அரிசியில் கல் பொறுக்குவதுகூட அந்தப் பட்டியலில் 'தெரிந்தெடுத்தல்' என்ற தலைப்பில் விழும். கார் ஓட்டினால் இன்ஜினுக்குள் நெருப்பு எரிகிறது. போருக்குப் பிறகு மக்கள் புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். நடந்துபோகும் தூரத்தில் சினகாக் என்ற தொழுகைக்கூடம் இல்லை. தொழுகைக்குப் போக மட்டும் காரில் வரலாம் என்று மூன்று ரப்பிகள் எழுதிய தீர்ப்பை அந்தப் பிரிவின் சட்டக்குழு ஏற்றது. இந்த ஒன்றில் நான் பெரியவர் கட்சி. ஹைலண்ட் பார்க்கில் சனிக்கிழமை காலை குடும்பம் குடும்பமாகத் தெருவில் நடந்துபோவதைப் பார்க்க வேண்டும். குழந்தை வண்டி தள்ளலாம். ஊரைச் சுற்றிக் கம்பங்களில் கம்பி இழுத்து, ஊரையே ஒரு வீடாகக் கருதும் எரூவ் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் யாராவது போய்க் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நடந்தே ஆக வேண்டும் என்பதால்தான் எல்லோரும் பக்கத்தில் வீடு எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரு வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அடுத்த வேளைச் சாப்பாடு வந்து நிற்கிறது. கார் அனுமதி நல்ல எண்ணத்தில் கொடுத்ததுதான். அது இந்தத் தெருவைக் கலைத்துவிடும் என்று அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

அரிசி விஷயத்தில் நான் மகள் கட்சி. பெஸாக் பண்டிகையின் எட்டு நாளும் புளித்த மாவு கூடாது. ஐரோப்பிய வழி யூதர்கள் இடைக்காலத்தில் அரிசியையும் பருப்பையும் சேர்த்துத் தள்ளிவைத்தார்கள். ஈராக், யெமன் வழிக்காரர்கள் சாப்பிடுகிறார்கள். தானியம் தானியமாக மூன்று முறை பொறுக்கிப் பார்த்துவிட்டுச் சமைக்கிறார்கள். தல்மூதில் பெஸாகிம் 114-ஆம் ஏட்டைப் புரட்டினால், பண்டிகை இரவு வைக்கும் சமைத்த பண்டம் இரண்டு எவை என்ற கேள்விக்கு ரவ் ஹூனா பதில் சொல்கிறார்: பீட்ரூட் இனக் கீரையும் அரிசியும். 2015-இல் கன்சர்வேடிவ் சட்டக்குழு அரிசியையும் பருப்பையும் எல்லோருக்கும் அனுமதித்தது. மகளின் மாமியார் வீடு பாக்தாத் வழி. பண்டிகை வாரத்தின் நடுநாள் ஒன்றில் மகள் வீட்டு மேசையில் ஏலக்காய் மணக்கும் சோறு இருந்தது. பெரியவர் அதே மேசையில் உட்கார்ந்து, அதே பாத்திரங்களில் சமைத்த கோழியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார். சோற்றைத் தொடவில்லை. அந்தப் பாத்திரங்களில் சாப்பிட அவருடைய சட்டத்தில் இடம் இருந்தது, அந்த இடத்தை அவர் தேடி வைத்திருந்தார்.

இந்தச் சமாளிப்புக்கு அடங்காத விஷயம் ஒன்று இருந்தது. கூட்டுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். அதற்கு மின்யான் என்று பெயர். அந்தப் பத்தில் பெண் சேர்த்தியா?

சேர்த்தி இல்லை என்பது ஆர்த்தடாக்ஸ் வழி. நேரம் குறித்துச் செய்ய வேண்டிய கட்டளைகளிலிருந்து பெண்களுக்கு விலக்கு உண்டு. கடமை இல்லாதவர் கணக்கில் வருவதில்லை. கன்சர்வேடிவ் பிரிவு 1973-இல் பெண்களைக் கணக்கில் சேர்க்க வழி திறந்தது. 1985-இல் அதன் நியூயார்க் கல்லூரி முதல் பெண் ரப்பிக்குப் பட்டம் கொடுத்தது. ரிஃபார்ம் கல்லூரி அதற்கு 13 வருடம் முன்பே கொடுத்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் 1935-இல் ஜெர்மனியில் ரெஜினா யோனாஸ் ரப்பியானார். அவரை 1944-இல் அவுஷ்விட்ஸில் கொன்றார்கள். பெண்ணுக்குத் தோரா கற்பிக்கலாமா என்ற கேள்விக்கே மிஷ்னாவில் இரண்டு பதில். கற்பிப்பது தந்தையின் கடமை என்கிறார் பென் அஸ்ஸாய். கற்பிப்பவன் அவளுக்குக் கேடு கற்பிக்கிறான் என்கிறார் ஒருவர். யார் என்று பார்த்தால், அடுப்பு விவகாரத்தில் நாம் இரங்கிய அதே எலியேசர். இது என்னை வெகுநாள் உறுத்தியது.

பெரியவர் பென் அஸ்ஸாய் பக்கம் நின்றவர். மகளுக்கு ஏழு வயதிலிருந்து அதே சாப்பாட்டு மேசையில் தல்மூத் கற்றுக்கொடுத்தார். படித்துப் படித்து, தன்னைக் கணக்கில் சேர்க்காத சபையில் இனி நிற்க முடியாது என்று அவள் போய்விட்டாள். "கற்றுக்கொடுத்தது நான். அவள் எங்கே தவறுகிறாள் என்றும் எனக்குத் தெரியும். அவளுடைய வாதம் எத்தனை நல்ல வாதம் என்றும் எனக்குத்தான் தெரியும்" என்று ஒருமுறை சொன்னார்.

ஒரு ஜூலையில் அந்த அம்மாள் போய்விட்டார். மறுநாளே அடக்கம். மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் முதல் மண்ணைத் தள்ளினார்கள். இந்த வேலைக்கு அவசரம் இல்லை என்று காட்டத்தான் அப்படி. ஏழு நாள் வீட்டில் கண்ணாடிகளை மூடி, தாழ்ந்த இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது என்பது விதி. நானும் கீரை ஆய்ந்த அந்த ஜன்னலோரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இறந்தவருக்காகச் சொல்வது கதீஷ். அரமேய மொழியில் சில வரிகள். அதில் மரணம் என்ற சொல்லே இல்லை. கடவுளின் பெயர் பெருகட்டும், புனிதமாகட்டும் என்ற புகழ்ச்சி மட்டும்தான். தனியாகச் சொல்ல முடியாது, மின்யான் வேண்டும். மனைவிக்கு முப்பது நாள். பெற்றோருக்குப் பதினொரு மாதம். பெரியவர் தன் சினகாக்கில் முப்பது நாளை முடித்தார். அங்கே மகள் வந்திருந்தால் ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் தடுப்புக்கு அப்பால் நின்று, ஆண்கள் சொல்லும்போது கூடவே சொல்லலாம். அவள் தன் சினகாக்கில் தினமும் காலை ஏழு மணிக்குப் போய்ச் சொன்னாள். சின்ன சபை. வாரநாள் காலையில் பத்துப் பேர் சேர்வது அங்கே எப்போதும் இழுபறிதான்.

பிப்ரவரியில் ஒரு வியாழன், ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. அவள் கார் பனியில் புதைந்துவிட்டது என்று ஃபோன் செய்தாள். நான் என் காரில் அழைத்துப்போனேன். வெளியே காத்திருக்க முடியாத குளிர், உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது என்பது அவர்களிடம் ஒரு பழைய வழக்கம். நம் களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்குவார்களே, அந்த மாதிரி ஒரு கூச்சம். சங்கீதத்திலிருந்து பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தை எடுத்து, ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே பார்ப்பார்கள். 'உம் மக்களைக் காப்பாற்றும், உம் உரிமையை ஆசீர்வதியும், அவர்களை மேய்த்து என்றென்றைக்கும் தூக்கிச் சுமந்தருளும்' என்ற வசனம். எபிரேயத்தில் அதன் கடைசி இரண்டு சொல் 'அத் ஹா ஓலாம்'. தொழுகை நடத்துபவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். மகளிடம் வந்தபோது 'அத்' என்றார். வரை. அடுத்த முகம் என்னுடையது. அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். 'என்றென்றும்' என்ற சொல் வரவில்லை.

அறையில் பத்துத் தலைகள் இருந்தன. நான் பத்தாவது ஆக முடியாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, அந்தக் கடமை என்னுடையது இல்லை. மகள் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே கதவைப் பார்த்தாள். பத்து நிமிடம் ஆயிற்று, யாரும் வரவில்லை. நான் நடைவழிக்குப் போய்ப் பெரியவருக்கு ஃபோன் செய்தேன். "ஒன்பது பேர்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. தொப்பியிலும் தோளிலும் பனியோடு உள்ளே வந்தார். அவர் தன் சினகாக்கில் விடியற்காலையிலேயே தொழுதுவிட்டவர். இங்கே அவருக்கு வேலை இல்லை. நடத்துபவர் அவரைப் பார்த்து 'ஹா ஓலாம்' என்றார். பெரியவர் கடைசி வரிசையில் என் பக்கத்தில் நின்றார். முன்னால் ஆண்கள் ஐந்து பேர், பெண்கள் நான்கு பேர். மகள் கணக்கில் பத்து. அவர் கணக்கில், தன்னையும் சேர்த்து, ஆறு.

மகள் கதீஷ் சொன்னாள். நடுவில் எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லும் ஒரு வரி உண்டு, அவருடைய பெரும் பெயர் என்றென்றும் வாழ்த்தப்படுவதாக என்று. அந்த வரியில் என் பக்கத்திலிருந்து பெரியவரின் குரலும் வந்தது.

திரும்பும்போது இருவரையும் என் காரில் ஏற்றிக்கொண்டேன். கொஞ்ச தூரம் அமைதி. பிறகு மகள் கேட்டாள், "அப்பா, அது மின்யானா இல்லையா?"

"இல்லை" என்றார்.

"பிறகு ஏன் பதில் சொன்னீர்கள்?"

"அந்த வரி புகழ்ச்சி. தனியாக நின்றும் சொல்லலாம்."

"வந்தது ஏன்?"

அந்த மாதம் நாங்கள் தல்மூதில் யெபமோத் என்ற நூலைப் படித்துக்கொண்டிருந்தோம். யாரை யார் மணக்கலாம் என்பதிலேயே ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு பழைய அறிஞர்களின் வழியினரும் எதிரெதிர்த் தீர்ப்பு சொன்னார்கள். ஒருவர் தடுத்ததை மற்றவர் அனுமதித்தார். இருந்தும் இரண்டு வீட்டாரும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதை நிறுத்தவில்லை, பாத்திரம் இரவல் கேட்பதையும் நிறுத்தவில்லை என்று முதல் அத்தியாயத்தில் வருகிறது. அவர் அதைச் சொல்லத் தொடங்கினார். மகள் பாதியில் மறித்தாள். நிறுத்தவில்லை என்றால் ஷம்மாய் வீட்டார் தங்கள் சட்டத்தை நடைமுறைப்படுத்தவில்லை என்று அர்த்தமா, அல்லது நடைமுறைப்படுத்திக்கொண்டே, சிக்கலான இடங்களை ஒருவருக்கொருவர் முன்கூட்டியே சொல்லி எச்சரித்தார்கள் என்று அர்த்தமா? தல்மூத் இரண்டையும் பேசுகிறதே, நீங்கள் எதை எடுக்கிறீர்கள்? அவர் இரண்டாவதை எடுத்தார். அவள் அதில் ஒரு ஓட்டை கண்டாள்.

எங்கள் தெரு வந்துவிட்டது. அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்கவில்லை. அவர் முன்னிருக்கையிலிருந்து முழுக்கப் பின்பக்கம் திரும்பி, கட்டைவிரலை மேலே தூக்கிச் சுழற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.